ஃபியூரியஸ் ஃபைவ் எப்படி மேல வந்தாங்க: ரெக்கார்டு ரெக்கார்டா கேட்டு புரிஞ்சுக்கிற வழி

ஓல்ட் ஸ்கூல் ஹிப் ஹாப்னு தேடினா நூறு பாட்டு இருக்கிற லிஸ்ட் தான் வரும், அதை ஷஃபிள்ல போட்டு கேட்டீங்கன்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கேனு தோணும், ரெண்டு நாள்ல விட்டுட்டு போயிடுவீங்க. அப்படி கேட்காதீங்க. ஒரே ஒரு குரூப்பை பிடிச்சுக்கங்க, அவங்க முதல் ரெக்கார்டுல இருந்து உடைஞ்சு போற வரைக்கும் வரிசையா கேளுங்க, அந்த காலமே புரிஞ்சிடும். என் சாய்ஸ் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ். தெருவுல ஆரம்பிச்சு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் வரைக்கும் போன முதல் ஹிப் ஹாப் குரூப் இவங்க தான், அது 2007ல நடந்துச்சு. ஆனா நான் இவங்கள சொல்றதுக்கு காரணம் அந்த விருது இல்ல.

காரணம் இது. குரூப்போட பேரே டிஜே பேர்ல தான் ஆரம்பிக்குது. ஆனா ஹிட் ஆன பாட்டுகள்ல தேடிப் பாருங்க, பெரும்பாலானதுல அந்த டிஜே கையே படல. அதனால ஒவ்வொரு ரெக்கார்டு கேட்கும்போதும் ஒரே ஒரு கேள்விய கையில வச்சுக்கங்க: இதுல ஃப்ளாஷ் எங்க இருக்காரு? இந்த ஒரு கேள்வி போதும், மத்ததெல்லாம் தானா வந்து விழும்.

முதல்ல ரெக்கார்டே இல்லாத காலம்

இதை தாண்டி போயிடாதீங்க, இங்க தான் எல்லாமே இருக்கு. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூங்கிற அபார்ட்மெண்ட் பில்டிங்ல கூல் ஹெர்க்னு ஒரு ஜமைக்கா பையன் தன் தங்கச்சி சிண்டி வச்ச பார்ட்டிக்கு பாட்டு போட்டாரு. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட். ஹெர்க் கவனிச்ச விஷயம் என்னன்னா, ஜனங்க முழு பாட்டுக்கும் ஆடல, நடுவுல பாடறவர் வாய மூடி டிரம்ஸ் மட்டும் தனியா வர்ற அந்த சில நொடிக்கு தான் ஃப்ளோர்ல பாய்ஞ்சு ஆடறாங்க. அந்த துண்டுக்கு பேரு பிரேக். ஹெர்க் என்ன பண்ணாரு, பிரேக் பிரேக்கா எடுத்து அடுத்தடுத்து போட ஆரம்பிச்சாரு. ஆனா ஊசிய கண்ணால பார்த்து குத்துமதிப்பா வைப்பாரு, அதனால ஒரு பிரேக்ல இருந்து இன்னொன்னுக்கு போகும்போது தாளம் தடுக்கும். கூட்டம் அதையெல்லாம் கண்டுக்கல, அவரோட ஸ்பீக்கர் அவ்ளோ பெருசு.

அங்க நின்னு அதை கண்டுக்கிட்ட ஒரு பையன் தான் ஜோசப் சாட்லர், பின்னாடி கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆனவர், பார்படாஸ்ல 1958ல பிறந்து பிராங்க்ஸ்ல வளர்ந்தவர், தொழிற்கல்வி ஸ்கூல்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர். தூக்கிப் போட்ட ரேடியோ, ஸ்டீரியோ எல்லாத்தையும் பிரிச்சு மேயற ஆள். இவருக்கு அந்த தடுக்கல் பொறுக்கல. தாளம் ஒரு இம்மி கூட விடாம பத்து நொடி பிரேக்க பத்து நிமிஷம் ஓட்டணும்னு ரூம்ல உட்கார்ந்துட்டாரு.

அவர் கண்டுபிடிச்சத நீங்களே பண்ணி பாருங்க

வெறுமனே படிச்சா இது மண்டைல ஏறாது, கை வைக்கணும். ரெண்டு டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்), ரெண்டோட சத்தத்தையும் கலக்கற ஒரு மிக்ஸர், ஒரே ரெக்கார்டு ரெண்டு காப்பி இருந்தா ராஜா நீங்க. இல்லைன்னா லேப்டாப்ல ஒரு இலவச டிஜே சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு டெக்லயும் ஒரே ஃபைல ஏத்திக்கங்க, தட்டோட ஃபீல் கிடைக்காது ஆனா கணக்கு புரியும். நிஜ டர்ன்டேபிள்னா டைரக்ட் டிரைவா பாருங்க, பெல்ட் டிரைவ் வேணாம், விரல எடுத்ததும் அது உடனே ஸ்பீடு பிடிக்காம இழுக்கும்.

தட்டு மேல வர்ற ரப்பர் மேட்ட எடுத்து ஓரம் வைங்க, அது ரெக்கார்ட கெட்டியா பிடிச்சுக்கும், நீங்க பின்னாடி சுத்தும்போது தட்டையே நிறுத்திடும். ஃப்ளாஷ் துணிக்கடைல ஃபெல்ட் வாங்கி வட்டமா வெட்டி, துவண்டு போகாம இருக்க துணிக்கு போடற ஸ்டார்ச்ச அடிச்சு, இஸ்திரி போட்டு விறைப்பாக்கி அடியில வச்சாரு. இன்னைக்கு கடைல ஸ்லிப்மேட்னு விக்கறாங்களே அது தான் இது. கீழ தட்டு பாட்டுக்கு ஓடும், மேல ரெக்கார்டு உங்க விரல் சொன்னத கேட்கும்.

இப்போ மார்க் பண்ணுங்க. பிரேக்கோட முதல் அடி (பீட்) எங்க விழுதோ அங்க ரெக்கார்ட நிறுத்தி, லேபிள்ல 12 மணி இருக்கிற இடத்துல சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்க. ஃப்ளாஷ் கிரேயான்ல கோடு போட்டாரு, கடிகார முள் மாதிரி அந்த கோடு எங்க இருக்குனு பார்த்தே பாட்டுல எங்க இருக்கோம்னு சொல்லிடுவாரு. அதனால இதுக்கு கிளாக் தியரினே பேரு வச்சாரு.

கணக்கு ரொம்ப சிம்பிள். 33⅓ ஸ்பீடுல ஓடற எல்பி ஒரு சுத்து சுத்த 1.8 நொடி. பாட்டு நிமிஷத்துக்கு 110 அடினு வைங்க, ஒரு பார்னா நாலு அடி, நாலு பார்னா 16 அடி, ஏறத்தாழ 8.7 நொடி. அதாவது 5 சுத்துக்கு கொஞ்சம் கம்மி, 12 மணில கிளம்பின ஸ்டிக்கர் நாலு பார் முடியும்போது சுமாரா 10 மணில நிக்கும். இப்போ கிராஸ்ஃபேடர, அதாவது மிக்ஸர்ல சத்தத்த ஒரு ரெக்கார்டுல இருந்து இன்னொன்னுக்கு மாத்தற ஸ்லைடர, மத்த பக்கம் தள்ளி, அங்க தயாரா பிடிச்சு வச்சிருந்த ரெண்டாவது காப்பிய விடுங்க. அது ஓடற அந்த 8.7 நொடிக்குள்ள முதல் காப்பிய பின்னாடி சுத்துங்க, ஸ்டிக்கர் அஞ்சாவது தடவை 12 மணிக்கு வரும்போது பிடிச்சு நிறுத்துங்க, நேரம் வந்ததும் விடுங்க, திரும்ப அந்த பக்கம் சுத்துங்க. அவ்ளோ தான். சொல்ல ஈஸியா இருக்கு இல்ல, நாலு பார்ல ஆரம்பிங்க, அது கைக்கு வந்தப்புறம் ரெண்டு பார், ரெண்டு பார்ல உங்களுக்கு நாலரை நொடி கூட இருக்காது.

இன்னொன்னு, கூட்டத்துக்கு கேட்காம உங்களுக்கு மட்டும் ஹெட்ஃபோன்ல அடுத்த ரெக்கார்டு கேட்கணும் இல்லையா, இன்னைக்கு எந்த மிக்ஸர்லயும் க்யூ பட்டன் இருக்கு. அவர் வச்சிருந்த மிக்ஸர்ல அது இல்ல. ஒரு சின்ன ஸ்விட்ச் வாங்கி, வயர் பிரிச்சு அவரே மாட்டிக்கிட்டாரு. ஸ்கூல்ல படிச்சது வேஸ்ட் ஆகல. அப்புறம் ஸ்கிராட்ச்ச, அதாவது ரெக்கார்ட முன்னும் பின்னும் தேய்ச்சு சத்தம் எழுப்பறத, கண்டுபிடிச்சது ஃப்ளாஷ்னு நிறைய பேர் எழுதறாங்க, அது தப்பு. அந்த பெருமை கிராண்ட் விஸார்ட் தியோடருக்கு போகணும், ஃப்ளாஷோட பார்ட்னரா இருந்த மீன் ஜீன் இருக்காரே அவரோட தம்பி. ஃப்ளாஷ் அதை எடுத்து மெருகேத்தினாரு.

எம்சிங்க (மைக்ல தாளத்துக்கு ராப் பண்றவங்க) ஏன் வந்தாங்க

இவ்ளோ கஷ்டப்பட்டு தயார் பண்ணி வெளிய போய் போட்டா, கூட்டம் ஆடவே இல்ல. சும்மா நின்னு அவர் கைய வேடிக்கை பார்த்துச்சு. இந்த ஆள் என்னடா பண்றாருனு முன்னாடி வந்து எட்டிப் பார்க்கறாங்க, ஃப்ளோர் காலி. மனுஷன் நொந்து போயிட்டாரு. அப்போ தான் புரிஞ்சுது, கூட்டத்தோட கவனத்த கையில இருந்து திருப்பி ஆட வைக்க ஒரு வாய் வேணும்னு. மைக்க டேபிளுக்கு அந்த பக்கம் வச்சிட்டு யார் வேணா வந்து பேசுங்கனு விட்டாரு. வந்தவங்க நிறைய பேர் சொதப்பினாங்க. நின்னவர் கௌபாய், நிஜ பேரு கீத் விக்கின்ஸ். கைய மேல தூக்கி ஆட்டுங்க, நான் சொல்றத திருப்பி சொல்லுங்கனு கூட்டத்த கட்டி மேய்க்கிறதுல அவர அடிச்சுக்க ஆளே இல்ல. அப்புறம் மெல்லி மெல், அவரோட பிரதர் கிட் கிரியோல், நிஜ பேரு மெல்வின் குளோவரும் நத்தேனியல் குளோவரும். இவங்க ரெண்டு பேரும் தான் பெரிய மாற்றம், ஒரே வரிய ரெண்டா பிரிச்சு பாதி நீ பாதி நான்னு பாஸ் பண்ணி விளையாட ஆரம்பிச்சாங்க. பின்னாடி ஸ்கார்பியோ வந்தாரு, ஃபங்கி ஃபோர்ங்கிற போட்டி குரூப்ல இருந்து ரஹீம் வந்தாரு, அஞ்சு பேர் ஆச்சு.

1976ல ஆடுபான் பால்ரூம் மாதிரி பெரிய ஹால்ல போடற அளவுக்கு ஃப்ளாஷ் வளர்ந்தாச்சு, 1965ல கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ சுட்டாங்களே அதே ஹால். அப்போ அவருக்கு வயசு 18. இந்த கால ரெக்கார்டு எதுவும் கிடையாது, பார்ட்டில யாரோ பதிவு பண்ண கேசட்டு தான் இருக்கு, கை மாறி கை மாறி காப்பி ஆனது. ஆன்லைன்ல 70கள் கடைசியோட டேப் சிலது கிடைக்கும், சத்தம் மோசமா தான் இருக்கும், பரவால்ல ஒன்னாவது கேட்டுடுங்க. ஏன்னா ஃப்ளாஷும் அஞ்சு பேரும் ஒரே மூச்சுல சேர்ந்து நிக்கிறத முழுசா கேட்கறது அங்க மட்டும் தான்.

1979: யாரோ முந்திக்கிட்டாங்க

ஃப்ளாஷ்கிட்ட ரெக்கார்டு போடலாமானு முன்னாடியே கேட்டிருக்காங்க, அடுத்தவன் ரெக்கார்டு மேல பேசறத யாரு காசு குடுத்து வாங்குவானு அவர் நினைச்சாரு. நியாயமான நினைப்பு தான். 1979 செப்டம்பர்ல ஷுகர்ஹில் கேங்னு கேள்விப்படாத மூணு பேர் பேர்ல ராப்பர்ஸ் டிலைட் வந்து நாட்டையே கலக்கிடுச்சு. நியூ ஜெர்சில இங்கிள்வுட்ல ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நடத்தின சில்வியா ராபின்சன் வேலை அது, அவங்களே ஒரு காலத்துல ஹிட் பாடகி. அதுல ஒருத்தர் பாடின வரிங்க பிராங்க்ஸ் எம்சி கிராண்ட்மாஸ்டர் காஸோடது, அதுல காஸோட பட்டப் பேரு கூட அப்படியே ஒலிக்குது. பிராங்க்ஸ்ல வருஷக்கணக்கா உழைச்சவங்களுக்கு எப்படி எரிஞ்சிருக்கும் பாருங்க.

இப்போ ராப்பர்ஸ் டிலைட்ட போடுங்க, நீளமான வெர்ஷன், 14 நிமிஷத்துக்கு மேல ஓடும். நம்ம கேள்விய கேளுங்க, டிஜே எங்க? இல்லவே இல்ல. ஷிக் குரூப்போட குட் டைம்ஸ் பாட்டோட பேஸ் லைன ஸ்டுடியோல ஆளுங்கள வச்சு திரும்ப வாசிச்சிருக்காங்க. ரெக்கார்டுல இருந்து துண்டு எடுத்து திரும்ப திரும்ப ஓட்டற சாம்பிளர் மெஷின் வராத காலம், ஒரு டிஜேய உட்கார வச்சு 15 நிமிஷம் பிசகாம ஓட்ட சொல்றதுக்கு பதில் வாசிக்கிற ஆளுங்கள கூப்பிடறது கம்பெனிக்கு சுலபம். டிஜேக்கு வேலை போனது அன்னைக்கு தான்.

அடுத்து ஃபியூரியஸ் ஃபைவோட சூப்பராப்பின், அதே 1979, ஹார்லெம்ல பாபி ராபின்சனோட என்ஜாய் ரெக்கார்ட்ஸ். சுமார் 12 நிமிஷம், சுருக்கின வெர்ஷன் கேட்காதீங்க. இதுலயும் வாசிக்கறது பேண்ட் தான். ஆனா அஞ்சு குரலும் எப்படி வரிய கை மாத்தறாங்கனு கேளுங்க, ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் மூச்சு கூட விடாம பிடிக்கிறாரு, சில இடத்துல ஒரு வார்த்தைய அஞ்சு பேரும் சேர்ந்து அறையறாங்க. ராப்பர்ஸ் டிலைட்டுல மூணு பேரும் வரிசைல நின்னு அவங்கவங்க டர்ன் வரும்போது பாடறாங்க, இங்க அப்படி இல்ல. வருஷக்கணக்கா பார்ட்டில சேர்ந்து பாடினவங்களுக்கும் ஸ்டுடியோல சேர்த்து வச்சவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இது. இதுல மெல் சொல்ற ஒரு நீளமான பகுதி இருக்கு, ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து சீரழிஞ்சு போற கதை, அதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

என்ஜாய்ல விளம்பரமும் இல்ல ரேடியோவும் இல்லனு 1980ல ஷுகர் ஹில்லுக்கே போயிட்டாங்க. ஃப்ரீடம் வந்துச்சு, அமெரிக்காவுல கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி சார்ட்ல 19 வரைக்கும் போச்சு. ஜாலியான பார்ட்டி பாட்டு, ஒரு தடவை கேட்டுட்டு நகருங்க. 1981ல வந்த பர்த்டே பார்ட்டியும் அப்படி தான். ஷுகர் ஹில்லோட ஹவுஸ் பேண்ட், அதாவது கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிக்கிற பேண்ட், பத்தி மட்டும் ஒரு வார்த்தை: டக் விம்பிஷ் பேஸ், ஸ்கிப் மெக்டொனால்ட் கிட்டார், கீத் லெப்லாங்க் டிரம்ஸ். மூணு பேரும் அட்டகாசமான ஆளுங்க, ஃப்ளாஷோட இடத்துல உட்கார்ந்தது இவங்க தான், அதுக்காக இவங்க மேல கோவப்பட முடியாது.

ஏழு நிமிஷம் மட்டும் ஃப்ளாஷ்

1981ல தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல். மூணு டர்ன்டேபிள், வெட்டி ஒட்டற எடிட் கிடையாது, தப்பு வந்தா முதல்ல இருந்து திரும்ப. ஹெட்ஃபோன்ல கேளுங்க, முதல் தடவை சும்மா கேட்டுட்டு ரெண்டாவது தடவை பேப்பர் பேனாவோட உட்காருங்க. ஆரம்பத்துலயே ஒரு குரல் திக்குது, முழுசா பேச விடாம திரும்ப திரும்ப இழுக்கறாரு. அப்புறம் பிளாண்டி பேண்டோட ராப்ச்சர் வரும், அதுல பாடகி டெபி ஹாரி ஃப்ளாஷ் பேர சொல்ற துண்ட அவரே எடுத்து போடறாரு, என்ன கெத்து பாருங்க. அதுக்கப்புறம் குட் டைம்ஸ் பேஸ் உள்ள நுழையும், குவீனோட அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட் வரும், இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டோட அப்பாச்சி வரும், அவங்க குரூப்போட பாட்டே கூட வரும்.

இதெல்லாம் எப்படி ஒன்னோட ஒன்னு ஒட்டுதுனு கேட்டா, குட் டைம்ஸ், ராப்ச்சர், குவீன் பாட்டு மூணும் நிமிஷத்துக்கு 108ல இருந்து 111 அடிக்குள்ள தான் இருக்கு, வேகத்த மாத்தற பிட்ச் ஸ்லைடர கொஞ்சமா நகர்த்தினா போதும். வீட்டுல ட்ரை பண்றவங்க இந்த மூணுல தான் ஆரம்பிக்கணும், டர்ன்டேபிள்ல பிட்ச் பொதுவா 8 சதவீதம் மேலயும் கீழயும் போகும், இங்க உங்களுக்கு 3 சதவீதம் கூட தேவைப்படாது. எங்க பாட்டு மாறுதுனு நேரத்த குறிச்சுக்கிட்டே வாங்க, குறிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். பெரிய ஹிட் எல்லாம் ஆகல இது. ஆனா உலகம் பூரா டிஜே ஆகணும்னு நினைச்ச பசங்க இத கேட்டு தான் கத்துக்கிட்டாங்க.

அதே வருஷம் டைம்ஸ் ஸ்கொயர் பாண்ட்ஸ் கிளப்ல தி கிளாஷ்ங்கிற பங்க் ராக் பேண்ட் தங்களுக்கு முன்னாடி இவங்கள மேடை ஏத்துச்சு. வந்திருந்த பங்க் கூட்டம் ஊளையிட்டு கப்பு கப்பா வீசுச்சு. பிராங்க்ஸ்ல ராஜாவா இருந்தவங்களுக்கு சில மைல் தள்ளி இந்த மரியாதை.

தி மெசேஜ், அதாவது உச்சமும் விரிசலும்

1982 ஜூலை. இந்த பாட்டு எல்லாருக்கும் தெரியும், அதனாலயே யாரும் சரியா கேட்கறதில்ல. இதை எழுதினதுல பெரிய பங்கு ஷுகர் ஹில்ல தாள வாத்தியம் வாசிச்ச எட் ஃப்ளெட்சருக்கு, டியூக் பூட்டினு பேரு. குரூப்ல யாருக்கும் பிடிக்கல. பார்ட்டிக்கு வர்றவன் வீட்டு கஷ்டத்த மறக்க வர்றான், அவன்கிட்ட போய் எலி, கரப்பான், வாடகை பாக்கினு பாடினா யாரு ஆடுவானு கேட்டாங்க. சில்வியா விடல. கடைசில மெல் மட்டும் ஒத்துக்கிட்டாரு. நீங்க கேட்கற குரல் மெல்லும் டியூக் பூட்டியும் தான், ரெக்கார்டு மேல மட்டும் முழு குரூப் பேரு.

கேட்கும்போது மூணு விஷயம். ஒன்னு வேகம், நிமிஷத்துக்கு சுமார் 100 அடி, முன்னாடி கேட்டதெல்லாத்தையும் விட மந்தமா நடக்குது, ஆடறதுக்கு இல்ல நின்னு கேட்க. அந்த சின்தசைசர் கீறல் திரும்ப திரும்ப வர்றதுக்கு நடுவுல எவ்ளோ இடம் காலியா விட்டிருக்காங்கனு பாருங்க. ரெண்டாவது, மெல்லோட கடைசி பகுதி. ஞாபகம் வச்சுக்க சொன்னேனே, சூப்பராப்பின்ல வந்த அதே குழந்தை கதை தான். 1979ல பார்ட்டி சத்தத்துக்கு நடுவுல யாரும் கவனிக்காம போனது இங்க வந்து உலுக்குது. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க, இந்த கைட்ல ஒன்னே ஒன்னு தான் செய்வேன்னா இதை செய்ங்க. மூணாவது, பாட்டு முடிஞ்சதும் தெருமுனைல பசங்க பேசிக்கிட்டு நிக்கிற மாதிரியும் போலீஸ் வந்து அள்ளிட்டு போற மாதிரியும் ஒரு சின்ன காட்சி வரும், குரூப்ல மத்தவங்க வர்றது அங்க மட்டும் தான். அதனால 7 நிமிஷத்துக்கு மேல ஓடற வெர்ஷனா பார்த்து எடுங்க, சுருக்கினதுல வெட்டிடறாங்க.

ஆர் அண்ட் பி சார்ட்ல 4, எல்லா வகை பாட்டுக்குமான ஹாட் 100 சார்ட்ல 62. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவு பட்டியல்ல முதல்ல சேர்த்த ஹிப் ஹாப் ரெக்கார்டும் இது தான், 2002ல. ஃப்ளாஷ் பேர்ல இருக்கிற மிகப் பெரிய பாட்டு, ஃப்ளாஷ் ஒரு கீறல் கூட போடாத பாட்டு.

அப்புறம் நடந்தத ஊகிக்கலாம். 1983ல வைட் லைன்ஸ், லிக்விட் லிக்விட் பேண்டோட கேவர்ன் பாட்டு பேஸ் லைன்ல மெல் பாடினது. ரெக்கார்டு லேபிள நெட்ல தேடி பாருங்க, கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெல்லி மெல்னு போட்டிருக்கும், கேட்கறவன் ஃப்ளாஷ்னு நினைச்சுக்கட்டும்னு. அதுக்குள்ள ஃப்ளாஷ் ராயல்டி பாக்கிக்காக கம்பெனி மேல 50 லட்சம் டாலருக்கு கேஸ் போட்டுட்டாரு. அவரோட சேர்ந்து கிரியோலும் ரஹீமும் எலெக்ட்ரா ரெக்கார்டு கம்பெனிக்கு போனாங்க, மெல், ஸ்கார்பியோ, கௌபாய் ஷுகர் ஹில்லயே நின்னாங்க. அதே 1983ல ரன் டிஎம்சிங்கிற குரூப்போட சக்கர் எம்சிஸ் வந்துச்சு, ஒரு டிரம் மெஷின், ரெண்டு குரல், நடுவுல ஸ்கிராட்ச், பேண்டே கிடையாது. இதை வைட் லைன்ஸ் முடிஞ்ச உடனே போடுங்க, ஷுகர் ஹில் சத்தம் ஒரே நாள்ல பழசா போன மாதிரி இருக்கும்.

ஃபியூரியஸ் ஃபைவ் பிரிஞ்சதுக்கு அப்புறம் வந்த ஆல்பங்கள் என்னைக் கேட்டா விட்டுடலாம். கௌபாய் 1989லயே இறந்துட்டாரு. அந்த நேரத்த ரஹீம் விட்டுட்டு வந்த குரூப்புக்கு குடுங்க, ஷா ராக்ங்கிற பொண்ணு எம்சியோட ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் ஆனாங்களே அவங்க 1980ல ஷுகர் ஹில்லுக்கு பண்ண தட்ஸ் தி ஜாயிண்ட். 9 நிமிஷத்துக்கு மேல ஓடும், பேண்ட் பின்னுது, ஷா ராக் வர்ற இடமெல்லாம் மத்த நாலு பேரும் ஓரம் கட்டப்படறாங்க. 1981 பிப்ரவரில டெபி ஹாரி தொகுத்து வழங்கின சாட்டர்டே நைட் லைவ் டிவி ஷோல இவங்க தான் பாடினாங்க, ஃப்ளாஷ் டீம் இல்ல.